பதினோராம் பக்கத்துத் தூசி

அரண்மனைக்காரன் தெருவில் அந்தப் பங்குத் தரகு நிறுவனம் இருந்த கட்டடத்தை இடித்துப் பல வருஷமாகிறது. இப்போதும் அந்தப் பக்கம் போனால் அருளானந்தத்தின் கால் தானாக நிற்கும். ஃபேக்ஸ் தாளின் சூடும், ரெஹானா மேடத்தின் பச்சை மைப் பேனாவும் நினைவுக்கு வரும்.

வங்கி வேலையை விட்டு அங்கே சேர்ந்தபோது அவருக்கு ஐம்பத்தொரு வயது. முதலீட்டு அதிகாரிகளுக்காக நிறுவனங்களைப் பற்றி அறிக்கை எழுதும் வேலை. அவற்றைத் திருத்துகிறவர் ரெஹானா. அருளானந்தத்தைவிடப் பதினெட்டு வயது இளையவர்.

முதல் அறிக்கை கோவில்பட்டிப் பக்கத்து நூற்பாலை ஒன்றைப் பற்றியது. பதினான்கு பக்கம். மூன்று முறை எழுதிக் கொடுத்தார். மூன்று முறையும் ‘தெளிவாக எழுதவும்’ என்ற குறிப்போடு திரும்பி வந்தது.

நான்காம் முறை அவரே நேரில் போய் நின்றார்.

“தெளிவா எழுதறதுன்னா என்ன மேடம்? நானும் முப்பது வருஷம் எழுதினவன்தான்.”

“இதுல ஒன்பது ‘எனினும்’ இருக்கு சார்.”

“சந்தை அப்படி மேடம். நாளைக்கு என்ன ஆகும்னு யார் கண்டா?”

ரெஹானா தொலைபேசியை எடுத்துத் தஞ்சாவூரில் இருந்த ஒரு வாடிக்கையாளருக்குப் போட்டார். ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் சேமிப்பை முதலீடு செய்யும் அறக்கட்டளை அது. அந்த ஆலையின் பங்குகளை வாங்குவதா என்று அதன் அதிகாரி வைத்தியலிங்கம் அன்றைக்கே முடிவு செய்தாக வேண்டும்.

“ஆலையை நேர்ல பார்த்தவர் பேசறார்” என்று ரிசீவரை அருளானந்தத்தின் கையில் கொடுத்தார்.

அவர் ஆரம்பித்தார். “பருத்தி விலையைப் பொறுத்தவரைக்கும் சார், போன மூணு காலாண்டா…”

“கூட்டத்துல எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க சார். வாங்கலாமா?” என்று குறுக்கிட்டார் வைத்தியலிங்கம்.

பக்கத்தில் ரெஹானா பேனா மூடியைத் திறந்தார்.

“வாங்காதீங்க” என்றார் அருளானந்தம். குரல் அவருக்கே புதிதாக இருந்தது. “நான் போனது புதன்கிழமை. பாதி மெஷின் ஓடலை. கேட்டா ரிப்பேர்னாங்க. விரல் வச்சா பதியற அளவுக்கு மேல பஞ்சுத் தூசி. ரிப்பேர் பார்க்கிற மெஷின்ல தூசி படியாது சார்.”

எதிர்முனையில் வைத்தியலிங்கம் அதைக் கூட்டத்தில் திருப்பிச் சொல்வது கேட்டது.

“சரி சார். வாங்கலை.”

அருளானந்தம் ரிசீவரை வைத்தார். அவர் பேசியதை ரெஹானா அப்படியே முதல் பக்கத்தின் உச்சியில் எழுதியிருந்தார். பச்சை மையில் ஆறு வரி. பிறகு பதினோராம் பக்கத்தைப் புரட்டினார். அந்தத் தூசியைப் பற்றி அங்கே அருளானந்தம் எழுதியிருந்தது இவ்வளவுதான்: ‘உற்பத்தித் திறன் முழுமையாகப் பயன்படுத்தப்படவில்லை எனினும்.’ அதை ஒரே கோட்டில் அடித்தார்.

அந்த ஆறு வரியை அருளானந்தம் இரண்டு முறை படித்தார்.

“மேடம், நான் சொன்னது தப்பாப் போயிட்டா?”

ரெஹானா தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

“அதுக்குத்தான் சார் கீழே உங்க பேர் போடறோம்.”