அடிக்கற்களால் ஆன பாலம்

அமைச்சர் வச்சிரவேலுவின் தாத்தாவும் தந்தையும் அவரும் தேர்தல்தோறும் ஒரே ஓடைக்கரையில் ஒரே பாலத்துக்கு அடிக்கல் நாட்டி வந்தார்கள். இம்முறை கரையில் இடமில்லை.

"எங்கள் குடும்பக் கல் ஒன்றையும் தூக்கி எறியாமல் என் கல்லுக்கு இடம் பண்ணு. இல்லையென்றால் இந்தத் தொகுதியில் உனக்கு வேலையே கிடையாது" என்றார் கொத்தனார் மாசிலாவிடம்.

மாலையில் அமைச்சர் வந்தபோது, பழைய கற்களெல்லாம் ஓடையின் குறுக்கே வரிசையாகப் பதிந்திருந்தன. ஊர் மக்கள் ஆடுகளோடு அவற்றின்மேல் நடந்து அக்கரை சேர்ந்துகொண்டிருந்தார்கள்.

"அடேய், தாத்தா பெயரை மிதிக்கிறார்களே! என் கல்லுக்கு இடம் எங்கேடா?"

"கரை முழுக்க இடம் இருக்குங்க ஐயா. ஆனா பாலந்தான் முடிஞ்சுபோச்சே, இனி அடிக்கல் எதுக்குங்க?"

நிருபர்கள் கேமராவோடு சூழ்ந்துகொண்டார்கள். அமைச்சர் பல்லைக் கடித்தபடி சிரித்து, தமக்கு வந்த பொன்னாடையை மாசிலாவுக்குப் போர்த்தினார்.