தொட்டில் பலகை அறுத்த ரம்பம்

மூங்கிலாறு என்று ஒரு நாடு. முன்னொரு காலத்தில் அதைச் சிங்கராயன் என்றொரு ராஜா ஆண்டுகொண்டிருந்தான். நல்லவன்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஒன்றைப் பிடித்தால் குரங்குப் பிடி.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். ராஜாவுக்குத் தலைப்பிள்ளை பிறந்தால், தொட்டிலுக்குப் பலகையை அப்பன்தான் அறுக்கவேண்டும். அதுவும் தன் கையால் செய்த ரம்பத்தாலேதான். வேறு யாரும் அந்த ரம்பத்தைத் தொடக்கூடாது. பேர் வைக்கிற நாளில் பிள்ளையை அந்தத் தொட்டிலில்தான் போடவேண்டும். ஏன் இப்படி என்று என்னைக் கேட்காதீர்கள், வழக்கத்தை வைத்தவன் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டான்.

மகாராணி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததுமே ராஜா கொல்லன் பட்டறையில் போய் உட்கார்ந்துவிட்டான். இரும்பைக் காய்ச்சித் தட்டித் தட்டித் தகடாக்கினான். முக்கோண அரத்தை வைத்துப் பல் பல்லாக ராவினான். உள்ளங்கை கொப்பளித்தது. துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் ராவினான். புளியங்கட்டையில் கைப்பிடி செதுக்கி மாட்டினான். சும்மா சொல்லக்கூடாது, பாடுபட்டுத்தான் செய்தான்.

இனிமேல் பல்லை ஒன்றுவிட்டு ஒன்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துளி சாய்க்கவேண்டும் என்றான் கொல்லன். அப்படிச் சாய்த்தால்தான் ரம்பம் தனக்கு வழி எடுத்துக்கொண்டு போகும், இல்லாவிட்டால் மரம் பிடித்துக்கொள்ளும் என்றான். அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார் தளவாய் கொண்டையப்பர். படைக்குத் தலைவர். ராஜாவைக் குளிரவைப்பதற்கென்றே பிறந்த மனிதர்.

"மகாராஜா கையால் செய்த ரம்பத்தில் கோணல் பல்லா? என் படையில் ஒருத்தன் வரிசை பிசகி நின்றால் நான் விடுவேனா?" என்றார்.

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பல் அத்தனையும் நேர்கோட்டில் நிற்கட்டும், இதில் குறை சொல்கிறவன் இனி என் முகத்தில் விழிக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டான். கொல்லன் வாயை மூடிக்கொண்டான். பாவம், அவனுக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறதே.

மூக்கும் முழியுமாகப் பெண் குழந்தை பிறந்தது. மந்திரி அம்பலவாணர் தன் தோட்டத்துப் பலாவை வெட்டிக் காயவைத்துப் பத்திரமாக வைத்திருந்ததைக் கொண்டுவந்து கொடுத்தார். ராஜா ரம்பத்தை வைத்து இழுத்தான். ஒரு விரற்கடை ஆழம் போயிற்று, அப்புறம் சிக்கிக்கொண்டது. தள்ளினாலும் வரவில்லை, இழுத்தாலும் வரவில்லை. வேறு இடத்தில் வைத்துப் பார்த்தான். அங்கேயும் அதே கதை.

தளவாய்க்கு மந்திரியைக் கண்டால் எப்போதும் வயிற்றெரிச்சல். ரம்பம் அப்பழுக்கில்லாதது, கோளாறு மரத்தில்தான், மரம் யார் தோட்டத்திலிருந்து வந்தது என்று பாருங்கள் என்று ராஜா காதில் ஓதிவிட்டார். ராஜா நம்பிவிட்டான். பேர் வைப்பதற்குள் பலகை அறுபடாவிட்டால் அம்பலவாணர் குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் போகவேண்டும் என்று உத்தரவு போட்டான்.

கொல்லன் சொன்னது மந்திரி காதுக்கும் வந்திருந்தது. வந்து என்ன செய்ய? குறை சொன்னால் ராஜா முகத்தில் விழிக்க முடியாது, சொல்லாவிட்டால் ஊரிலேயே இருக்க முடியாது. சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் தவித்தார். வீட்டில் மனைவி மூட்டை கட்டத் தொடங்கிவிட்டாள்.

பேர் வைப்பதற்கு முந்தின நாள் ராஜா பல்லக்கில் கோயிலுக்குப் போவது முறை. அதற்கும் முந்தின நாள் சபையில் மந்திரி எழுந்து, பல்லக்குக்கு முன்னால் கூட்டத்தை விலக்கிப் போகிற சேவகர்களை இந்தத் தடவை மகாராஜாவின் ரம்பப் பல் மாதிரி ஒரே நேர்கோட்டில் விடலாமா என்று பணிவாகக் கேட்டார். தளவாய் முந்திக்கொண்டு, அதுதான் அழகு, அப்படியே செய்யுங்கள் என்றார். ராஜாவும் தலையாட்டினான்.

மறுநாள் தேர்வீதியில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். சேவகர்கள் ஒருவன் பின்னால் ஒருவனாக நூல் பிடித்த மாதிரி போனார்கள். ஒரு ஆள் நுழைகிற அளவுக்குத்தான் கூட்டம் விலகியது. பல்லக்கு அதற்குள் புகுந்ததும் இரண்டு பக்கமும் ஜனங்கள் நெருக்க, நடுவீதியில் மாட்டிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. ராஜா திரையை விலக்கித் தலையை நீட்டினான்.

"எறும்பு மாதிரி போனால் எப்படிடா வழி கிடைக்கும்? ஒருத்தன் இந்தப் பக்கம் சாய்ந்து விலக்கு, அடுத்தவன் அந்தப் பக்கம் சாய்ந்து விலக்கு."

அப்படியே செய்தார்கள். பல்லக்கு சிக்கல் இல்லாமல் நகர்ந்தது. பக்கத்தில் நடந்துவந்த அம்பலவாணர் மெல்லச் சொன்னார்: "மகாராஜா, ரம்பத்தைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்லவில்லை. இப்போது போட்ட உத்தரவை அந்தப் பல் வரிசைக்கும் போட்டால் என் குடும்பம் பிழைக்கும்."

ராஜா கோயில் வாசல் வரைக்கும் தன் உள்ளங்கைக் காய்ப்பையே பார்த்துக்கொண்டு வந்தான். பிறகு வாய்விட்டுச் சிரித்தான்.

அரண்மனைக்குத் திரும்பியதும் கொல்லனைக் கூப்பிட்டு, எப்படிச் சாய்ப்பது என்று எட்ட நின்று சொல்லச் சொன்னான். இடுக்கியால் பிடித்து ஒவ்வொரு பல்லாகத் தானே சாய்த்தான். பலகையின் மறுமுனையைத் தளவாய் பிடித்துக்கொள்ளவேண்டும் என்றான். ரம்பம் சர்சர் என்று இறங்கியது. மரத்தூள் முழுக்கத் தளவாய் மீசையில்.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரி கழுத்தில் போட்டான். உமக்குப் பதிலாக இவர் நாட்டைவிட்டுப் போகட்டும் என்று தளவாயைக் காட்டினான். தளவாய் தலை குனிந்து நின்றார்.

"வேண்டாம் மகாராஜா. பல்லெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தாலும் ரம்பம் கோணிக்கொண்டுதான் போகும். அவர் அந்தப் பக்கம் இருக்கட்டும்" என்றார் அம்பலவாணர்.

மறுநாள் குழந்தையைத் தொட்டிலில் போட்டார்கள். ராஜா ஒரு கயிற்றை மந்திரி கையிலும் எதிர்ப்பக்கத்துக் கயிற்றைத் தளவாய் கையிலும் கொடுத்தான். இவர் இந்தப் பக்கம் இழுக்க, அவர் அந்தப் பக்கம் இழுக்க, குழந்தை நன்றாகத் தூங்கிவிட்டது.