மூன்று லினக்ஸ்

பாளையங்கோட்டை அச்சக முதலாளி வைரவன் சும்மா கிடைக்கும் எதையும் நம்பமாட்டார். கம்ப்யூட்டர்களில் விண்டோஸுக்குப் பதில் இலவசமான லினக்ஸ் போடலாம், அதில் உபுண்டு, ஃபெடோரா, மின்ட் என்று வகைகள் உண்டு என்று டைப்பிஸ்ட் மரியபுஷ்பம் சொன்னதும் முறைத்தார்.

"ஓசியில குடுக்கான்னா உள்ள ஏதோ வில்லங்கம் இருக்கு. உபுண்டு, ஃபெடோரா, மின்ட் மூணையும் போட்டுக் காட்டு. பாத்ததுமே சொல்லிருவேன். ஒண்ணும் தேறலைன்னா நீ வேற வேலை பாத்துக்க."

எதைக் காட்டினாலும் குறை சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். மறுநாள் மூன்று கம்ப்யூட்டர்களில் ஆளுக்கொன்றாக அந்தப் பெயர்களை எழுதி ஒட்டிவைத்தாள். அவர் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார்.

"உபுண்டு ஆமை. ஃபெடோரா நம்மள வேவு பாக்கு. மின்ட்தான் யோக்கியம்!"

"அப்போ எல்லாத்துலயும் மின்ட்டே இருக்கட்டுமா, அண்ணாச்சி?"

"இருக்கட்டும்."

"நல்லதா போச்சு. மூணுலயும் மின்ட்தான் போட்டிருக்கேன். திரையில தெரியுற படத்தை மட்டும்தான் மாத்தினேன்."

அச்சகமே சிரித்தது. அவள் வேலை போகவில்லை.