உறையாத இரத்தம்

மாணவர் ஒருவர் இருந்தார். ஆசிரியையை விட ஆறு வயது மூத்தவர்.

பெயர் செங்குட்டுவன். பாதி ஆயுளை ஆரம்ப சுகாதார நிலையங்களில் கழித்துவிட்டு, தலை நரைத்த பிறகு மேற்படிப்புக்கு வந்த மருத்துவர். அதிகாரிகளோடு மோதி மோதியே காலம் தள்ளியவர். அவர் வாங்கிய இடமாற்றங்களை வரிசையாகச் சொன்னால் தென்மாவட்டப் பேருந்து வழித்தடம் முழுக்க வந்துவிடும் என்று சக மருத்துவர்கள் கேலி செய்வார்கள். அவருக்கு அது கேலி அல்ல, பட்டம்.

ஆசிரியை, பேராசிரியர் தங்கபுஷ்பம். அரசு மருத்துவமனையில் விஷமுறிவுச் சிகிச்சைப் பிரிவின் தலைவி. கேட்ட கேள்விக்கு மேல் ஒரு சொல் பேசமாட்டார்.

செங்குட்டுவன் பாம்புக்கடியை ஆராய்ந்தார். முடிவும் கையில் இருந்தது. நம் வட்டாரத்துப் பாம்பின் விஷம் வேறு. எங்கோ பிடித்த பாம்பின் விஷத்தை வைத்துச் செய்த மருந்து அதற்குக் கேட்பதில்லை. எத்தனை குப்பி ஏற்றினாலும் நோயாளியின் இரத்தம் உறைய மறுக்கிறது.

"ஆய்வறிக்கையில ஒரு கையெழுத்துப் போடுங்க மேடம். தலைநகரமே அதிரும்," என்றார்.

"பாக்கிறேன்."

"போன வாரமும் பாத்தீங்க. மருந்துக் கம்பெனிக்காரனுக்குப் பயமா?"

"இல்ல."

"மந்திரிக்கு?"

"எந்த மந்திரி?"

"அப்புறம் என்ன? கூலிக்காரன் சாகுறான், எவனும் கேக்கல. நான் கேக்கிறேன். என் ஆய்வுல எது குறையுது, சொல்லுங்க."

தங்கபுஷ்பம் வாயைத் திறப்பதற்குள் வார்டு வாசலில் கூச்சல் எழுந்தது.

ஸ்ட்ரெச்சரில் வந்தவள் முத்துப்பேச்சி. வாழைத்தோட்டத்தில் சருகு அள்ளும்போது கணுக்காலில் ஏதோ கடித்துவிட்டது. கடித்ததை அவள் பார்க்கவில்லை. பின்னாலேயே கணவன் சுடலையாண்டி ஓடி வந்தான்.

கடித்தது விஷத்தை இறக்கியதா, வெறும் பல் மட்டும் பட்டதா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. கண்ணாடிக் குழாயில் சிறிது இரத்தம் எடுத்து, இருபது நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு சாய்ப்பார்கள். நல்ல இரத்தம் உறைந்து கட்டியாக நிற்கும். கண்ணாடிவிரியனின் விஷம் கலந்த இரத்தம் உறையாமல் ஓடும்.

வார்டுக் குழாயில் முத்துப்பேச்சியின் இரத்தம் ஓடியது.

"விரியன்தான். மருந்தை எடுங்க," என்றார் செங்குட்டுவன்.

முத்துப்பேச்சி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அய்யா, வேண்டாம்யா. போன தடவ பாம்பு கடிச்சப்ப அந்த மருந்தத்தான் ஏத்துனாவ. மொகமெல்லாம் வீங்கி மூச்சே நின்னு போச்சு. செத்துப் பொழச்சேன்யா."

"நீ சும்மா கெடட்டி," என்றான் சுடலையாண்டி. "டாக்டருக்குத் தெரியாததா ஒனக்குத் தெரியும்? போடுங்கய்யா!" அவன் குரல்தான் அதட்டியது. கை அவள் சேலைத் தலைப்பை விடவில்லை.

ஏற்றினால் மருந்து கொல்லலாம். ஏற்றாவிட்டால் விஷம் கொல்லும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் செங்குட்டுவன் தயங்கியதே இல்லை. தயங்கியவர்களை மேடையில் கிழித்திருக்கிறார்.

"ஏத்திரலாம் மேடம். மூச்சு நின்னா சமாளிக்க எல்லாம் தயாரா வச்சுக்கலாம்."

தங்கபுஷ்பம் முத்துப்பேச்சியின் ஈறுகளைப் பார்த்தார். ஊசி குத்திய இடத்தைப் பார்த்தார். கணுக்காலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அவளிடம் மறுபடியும் இரத்தம் எடுத்து, தன் அறையிலிருந்து கொண்டுவரச் சொன்ன புத்தம்புதுக் குழாயில் விட்டார். அடுத்து, மேசைமேல் இருந்த வார்டுக் குழாய்களில் ஒன்றை எடுத்து வைத்துவிட்டுத் தன் கையைச் செவிலியிடம் நீட்டினார்.

"எனக்கும் எடும்மா."

செங்குட்டுவனுக்குக் கோபம் வந்தது. "உங்களுக்கு எதுக்கு? அங்க ஒருத்தி கெடக்கா மேடம். இன்னும் இருபது நிமிஷமா?"

"ஈறுல ரத்தம் இல்ல. காலு வீங்கல. ஊசி குத்துன இடம் அப்பவே காஞ்சுபோச்சு. கண் எடுக்காம பக்கத்துலயே நிப்போம், மருந்தும் கைக்கெட்டுற தூரத்துல இருக்கட்டும். இருபது நிமிஷம் அவ தாங்குவா. நீங்க தாங்குவீங்களா?"

"உங்க ரத்தத்த வச்சு என்ன தெரியும்? உங்களுக்கே ஏதாவது கோளாறு இருந்தா?"

"நல்ல கேள்வி," என்றார் தங்கபுஷ்பம். "சட்டைக் கைய மடக்குங்க."

இப்படி மேசைமேல் மூன்று குழாய்கள் நின்றன. புதுக் குழாயில் முத்துப்பேச்சி. வார்டுக் குழாய்களில் ஆசிரியையும் மாணவரும்.

அந்த இருபது நிமிடமும் யாரும் உட்காரவில்லை. சுடலையாண்டி அவர்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தான். "பெரிய டாக்டரம்மாவுக்கும் பாம்பு கடிச்சிருக்கா தாயி?" என்று செவிலியிடம் ரகசியமாகக் கேட்டான். செவிலி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். செங்குட்டுவன் முத்துப்பேச்சியின் நாடியைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

நேரம் ஆனது. தங்கபுஷ்பம் தன் குழாயைச் சாய்த்தார். இரத்தம் தண்ணீராய் ஓடியது.

செங்குட்டுவன் தன் குழாயைச் சாய்த்தார். அதுவும் ஓடியது.

"நம்மள எப்போ பாம்பு கடிச்சது, டாக்டர்?" என்று கேட்டார் ஆசிரியை.

மூன்றாவது குழாயைச் செங்குட்டுவனே எடுத்தார். சாய்த்தார். இன்னும் சாய்த்தார். தலைகீழாகவே கவிழ்த்தார்.

கட்டி அசையவில்லை.

"எழுந்து உக்காரும்மா," என்றார் தங்கபுஷ்பம். "வெறும் பல்லுதான் பட்டிருக்கு. மருந்து வேண்டாம். ஆனா நாளைக்கு வரைக்கும் இங்கதான் இருக்கணும், அப்பப்போ ரத்தம் எடுத்துப் பாப்போம்."

"எத்தன தடவ வேணும்னாலும் எடுங்கம்மா. மருந்து மட்டும் ஏத்தாதீய," என்றாள் முத்துப்பேச்சி. சுடலையாண்டி தரையில் உட்கார்ந்து அழுதான். "அழுறத விட்டுட்டு இட்லி வாங்கிட்டு வாரும்," என்று அவனை விரட்டினாள்.

செங்குட்டுவன் வார்டுக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பளபளவென்று இருந்தது. துப்புரவுப் பணியாளர் சவரியம்மாளைக் கூப்பிட்டார்.

"இத எப்படிக் கழுவுனீங்க?"

"நீங்க வாங்கித் தந்த சோப்புப் பவுடர்லதான் சார். ஏழைபாழைங்க வார்டுன்னா அழுக்குக் குழாயான்னு போன வருசம் அந்தச் சத்தம் போட்டீங்களே. அன்னையிலேருந்து ஒரு நா தவறல."

சோப்புப் படிந்த கண்ணாடியில் இரத்தம் சரியாக உறையாது. பாடப்புத்தகத்தில் அது ஒரு வரி. அந்த வரியை அவர் படித்திருந்தார். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தார். அவருடைய ஆய்வில் உறைய மறுத்த இரத்தமெல்லாம் இந்த வார்டுக் குழாய்களில்தான் நின்றது.

ஆசிரியையும் மாணவரும் வராந்தாவுக்கு வந்தார்கள். வேப்பமரத்தடியில் நோயாளிகளின் உறவினர்கள் சோற்றுப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

செங்குட்டுவனின் குரல் முதல்முறையாகத் தாழ்ந்திருந்தது. ஆனால் தோற்ற குரல் அல்ல.

"மேடம், இந்த மருந்து நம்ம ஊருக்குப் போதலங்கிறது நெசம். அத நான் இப்பவும் நம்புறேன்."

"நானும் நம்புறேன்."

"குழாயில தப்புன்னு இன்னைக்கு நானே சொன்னா, கம்பெனிக்காரன் கைகொட்டிச் சிரிப்பான். இனி பத்து வருசத்துக்கு எவனும் இந்தப் பேச்சையே எடுக்க விடமாட்டான். ஜனங்களுக்குத்தான் நட்டம்."

"ஆமா."

"ஆய்வு இப்படியே போகட்டும். எனக்காகக் கேக்கல. காரணம் நல்ல காரணம்."

தங்கபுஷ்பம் வார்டுக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். உள்ளே முத்துப்பேச்சி இட்லியைப் பிட்டுச் சட்னியில் தோய்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்படின்னா மருந்த எடுத்துட்டு வாங்க," என்றார். "அந்தக் குழாய் சொன்னது சரின்னு வச்சுக்கிட்டு அவளுக்கு ஏத்திருவோம். நல்ல காரணத்துக்குத்தானே."