எந்த மில்லி?

தேவசகாயம் சாருக்குக் கோபமான கோபம். மூன்றாவது தடவையும் ஹிதாயா அவர் எழுதிய விதியைத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

அவர் ஓய்வுபெற்ற கணக்குப் பேராசிரியர். அவளுக்கு முப்பத்தொன்று. ஆனாலும் மாணவர் அவர்தான். கடைக்காரர்கள் தாங்களே தமிழில் நிரல் எழுதிக்கொள்ள 'நிரை' என்றொரு கணினி மொழியை மேலப்பாளையத்தில் உட்கார்ந்தே உருவாக்கியவள் அவள். அவளைக் கேட்காமல் அதில் ஒரு காற்புள்ளிகூட நுழையாது. என்ன ஒரு கெட்டிக்காரி! பேச்சில்தான் மகா கஞ்சம்.

சார் எட்டு மாதம் பாடுபட்டது இந்த விதிக்காகத்தான்: ஒரே அலகில் உள்ளவற்றை மட்டுமே கூட்டலாம். எடையோடு திரவத்தைக் கூட்டினால் நிரை 'செல்லாது' என்று சொல்லி நின்றுவிடும்.

"இதுல என்ன தப்பு, மேடம்?"

"தப்பே இல்ல, சார். அருமையான விதி."

"பின்னே?"

அவள் ஒரு முகவரியை எழுதி நீட்டினாள். டவுனில் சொர்ணத்தாய் நடத்தும் நாட்டு மருந்துக் கடை. புது விதியைச் சோதித்துப் பார்க்க அங்கே கொடுத்து நாலு நாள் ஆகிறதாம்.

சார் போனார். சொர்ணத்தாய் உட்காரவைத்து, சுக்குக் காப்பி கொடுத்தாள். சீசாவில் ஒட்டும் அளவுச் சீட்டுக்காக அவளே எழுதிய நிரலையும் பெருமையாகக் காட்டினாள். பொடியையும் தேனையும் கூட்டுகிற வரிக்கு வந்ததும் முதலில் செல்லாது, செல்லாது என்றே அடம்பிடித்ததாம்.

"எது செல்லாதுன்னு அது சொல்லல, சார். நானும் யோசிச்சேன். பொடிக்கும் மில்லின்னு போட்டேன், தேனுக்கும் மில்லின்னு போட்டேன். ஓடிட்டுல்லா."

மில்லிகிராமும் மில்லி, மில்லிலிட்டரும் மில்லி. நம் வாயில் இரண்டும் ஒன்றுதான். எடையும் திரவமும் கலந்த அந்தச் சீட்டின் அளவே தப்பு.

அங்கேயே மடிக்கணினியைத் திறந்தார். 'செல்லாது' என்ற சொல்லை அழித்தார். வெறும் 'மில்லி' என்று இருந்தாலும் நின்று கேட்கும்படி, அந்த இடத்தில் ஒரு கேள்வியை எழுதினார். அவளுடைய நிரலை மறுபடி ஓடவிட்டார்.

நிரை கேட்டது: 'பொடி எந்த மில்லி? எடையா, திரவமா?'

சாயங்காலம் ஹிதாயா அந்த ஒரு வரியைப் படித்தாள். மறுபேச்சில்லாமல் விதியை மொழியில் சேர்த்துவிட்டாள். சாருக்குக் கண் கலங்கியது.

"அந்தம்மா என்ன சொன்னாங்க, சார்?"

"கேள்வியைப் படிச்சாங்க, மேடம். அப்புறம் எழுந்து போய், அந்தச் சீட்டு ஒட்டி விற்க வச்சிருந்த ஏழு சீசாவையும் அலமாரியிலேர்ந்து கீழ இறக்கினாங்க."