மதில் தாண்டிக் காய்த்த தோட்டம்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் பொய்யென்றால் நான் நட்ட பாகற்காயெல்லாம் இனிக்கட்டும்!

எச்சில் கையால் காக்கை ஓட்டாத மிராசுதார் அம்பலவாணர், கொல்லையில் காய்கறித் தோட்டம் போட வேலைக்காரன் சடையனைக் கூப்பிட்டார்.

“டேய், தோட்டத்து மேல ஒருத்தன் கண்ணும் படக்கூடாது. ஆனா ஊரே அதைப் புகழணும். இல்லேன்னா தை பிறந்ததும் நீ வேற வேலை பாத்துக்கோ.”

“ஆகட்டும் எசமான்” என்றான் சடையன். நடுக்கொல்லையைச் சும்மா விட்டுவிட்டு, மதிலை ஒட்டி அவரையும் புடலையும் பீர்க்கும் ஊன்றினான். கொடிகள் மதிலேறித் தெருப்பக்கம் குதித்தன. போகிறவர் வருகிறவர் தலையிலெல்லாம் புடலங்காய் குட்டியது. ஊரே பறித்துத் தின்றது.

தை பிறந்தது. அம்பலவாணர் கொல்லைக்கு வந்து பார்த்தால் வெறும் மண்ணும் மதிலேறிய கொடியும்தான்.

“காய் எங்கேடா?”

“உள்ளே இருந்தா கண் பட்டுடுமே எசமான்! அதான் வெளியே அனுப்பிட்டேன். இப்ப எவன் எட்டிப் பார்த்தாலும் மண்ணுதான் தெரியும்.”

“புகழ்ச்சி எங்கேடா?”

சடையன் கொல்லைக் கதவைத் திறந்தான். பொங்கலுக்குக் காய் பறிக்க வந்திருந்த கூட்டம் மிராசுதாரைக் கண்டதும், “தர்மப் பிரபு வாழ்க!” என்று கத்தியது.

அம்பலவாணர் என்ன செய்வார்? பல்லைக் கடித்துக்கொண்டே பல்லைக் காட்டிக் கும்பிட்டார். சடையன் வேலையும் தப்பியது.

அந்த மதிலில் இன்றைக்கும் அவரை காய்க்கிறது. யார் சொன்னது என்று மட்டும் மூச்சு விட்டுவிடாதீர்கள். எங்கள் வீட்டுக் குழம்பு அந்த அவரையை நம்பித்தான் கொதிக்கிறது.