பன்னிரண்டு அடிப் பலகை

“இதுலயா?” என்று கேட்டார் தாணுமூர்த்தி.

மணலில் கிடந்த பலகை பன்னிரண்டு அடி நீளம். ஒரு காலத்தில் மஞ்சளாக இருந்திருக்க வேண்டும். பக்கத்தில் பாய், ஏழு ஒட்டுகளோடு. பாயைப் பிடித்துக்கொள்ள மரத்தில் ஒரு வளைகட்டை. வழுக்காமல் இருக்க அதில் சைக்கிள் டியூப் சுற்றியிருந்தது.

“இதுலதான் சார்” என்றாள் பிரிசில்லா.

“கொட்டகையில புதுசு ஏழெட்டு நிக்குதே.”

“நிக்குது.”

“இதுக்கு என்ன வயசு?”

“என்னைவிட ரெண்டு வயசு கூட.”

அவளுக்கு முப்பத்துமூன்று. மண்டபம் தாண்டி ஒரு கடற்கரையில், பலகை மேல் நின்று பாய் பிடித்துக் கடலில் ஓடக் கற்றுக்கொடுப்பவள்.

அவருக்கு ஐம்பத்தெட்டு. ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகளில் முப்பது வருடம் பொறியாளர். மார்ச் மாதம்தான் மாலை போட்டு அனுப்பிவைத்தார்கள். கழுத்தில் காற்றின் வேகத்தை அளக்கும் சின்னக் கருவி ஒன்று தொங்கியது.

அதைக் காற்றுக்கு எதிரே பிடித்துப் பார்த்தார்.

“மணிக்குப் பதினாலு கிலோமீட்டர்.”

“சரி சார். ஏறுங்க.”

ஏறினார். விழுந்தார்.

எழுந்து மறுபடியும் கருவியைப் பிடித்தார். “அதே பதினாலுதான். பின்ன ஏன் விழுந்தேன்?”

“அந்தப் பதினாலு உங்க கழுத்துல இருக்கு. காத்து பாயில இருக்கு.”

மறுநாள் கருவியைக் காரிலேயே வைத்துவிட்டு வந்தார்.

*

மூன்று நாள் விழுந்தார்.

விழுவதுகூடப் பரவாயில்லை. விழுந்தபின் தண்ணீரில் கிடக்கும் பாயைக் கயிறு பிடித்துத் தூக்கவேண்டும். அதுதான் இடுப்பை ஒடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். பாய் அசையவில்லை.

“என்னம்மா இது, இரும்பா?”

“துணிதான் சார்.”

“பின்ன ஏன் இந்தக் கனம்?”

“மேல தண்ணி நிக்குது. இழுக்காதீங்க. கயித்தைப் பிடிச்சுக்கிட்டு பின்னால சாஞ்சு நில்லுங்க. வடியட்டும்.”

“எவ்வளவு நேரம்?”

“வடியிற வரைக்கும்.”

சாய்ந்து நின்றார். பாயின் ஒரு ஓரம் மெல்ல மேலே வந்தது. தண்ணீர் வழிந்து இறங்கியது. பிறகு மொத்தப் பாயும் ஒரு குடையைத் தூக்குவது போல எழுந்து வந்தது.

அவர் சிரித்துவிட்டார்.

காற்று அடித்தது. மறுபக்கம் விழுந்தார்.

*

ஐந்தாம் நாள் வந்ததும் அவர் பலகையில் ஏறவில்லை.

பெங்களூரிலிருந்து வந்த மூன்று பேர் அப்பால் போய்க்கொண்டிருந்தார்கள். சின்னப் பலகைகள். தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் பறந்தன.

“எனக்கும் அதுல ஒண்ணு குடுங்க” என்றார்.

பிரிசில்லா கொட்டகைக்குப் போனாள். இருப்பதிலேயே புதிய பலகையை ஒற்றைக் கையால் தூக்கி வந்து கொடுத்தாள்.

அவர் எதிர்பார்க்கவில்லை. வாங்கிக்கொண்டு போனார்.

இடுப்பளவுத் தண்ணீரில் அதன்மேல் ஏறி நின்றார். பலகை அவரோடு சேர்ந்து தண்ணீருக்குள் இறங்கியது. முழங்கால் மூழ்கும்வரை நிதானமாக இறங்கி, பிறகு சாய்ந்தது. நாலு தரம் ஏறினார். நாலு தரமும் அப்படியேதான்.

திரும்பி வந்தார்.

“முங்குது.”

“ஆமா. ஓடுனாத்தான் அது மிதக்கும். நிக்கவிடாது.”

“பழசு?”

“சும்மா நிக்கவிடும்.”

அவர் புதிய பலகையை மணலில் வைத்தார்.

“நான் வேகமா போகணும்னு வரல” என்றார்.

“பின்ன எதுக்கு சார் வந்தீங்க?”

“காத்து வர்றது முன்கூட்டியே தெரியுமா? கருவி எதுவும் இல்லாம? வெறும் ஆளுக்கு?”

பிரிசில்லா பழைய பலகையை இழுத்துவந்து தண்ணீரில் விட்டாள். பின்முனையில் நீளக் கயிறு ஒன்றைக் கட்டி, மறுமுனையைக் கரையில் ஒரு முளையில் கட்டினாள்.

“ஏறுங்க. பாயைத் தூக்குங்க. கண்ணை மூடிக்கிட்டு நில்லுங்க.”

“எங்க போகணும்?”

“எங்கயும் இல்ல. பாய் கனத்தா பின்னால பிடிச்சிருக்கிற கையை விட்டுடுங்க. காத்து வழிஞ்சு போயிடும். அவ்வளவுதான் பாடம்.”

*

தினமும் காலை ஆறு மணியிலிருந்து ஒன்பது வரை அவர் அங்கே நின்றார்.

முதலில் எல்லாமே கனத்தது. எப்போது பார்த்தாலும் கையை விட்டார். கரையிலிருந்து பிரிசில்லா கத்துவாள்.

“இப்ப ஒண்ணும் வரல சார். பிடிங்க.”

பிறகு விடவேண்டிய நேரத்தில் பிடித்துக்கொண்டு நின்றார். பாய் அவரைத் தூக்கி முன்னால் எறியும். வளைகட்டை ஒருமுறை நெற்றியில் பட்டு வீங்கியது.

“லேசான பாயா இருந்தா நல்லாத் தெரியும்ல?” என்று கேட்டார்.

“அது கையை ஏமாத்தும். நமக்கு பலம் இருக்குன்னு நெனச்சுக்குவோம்.”

பதினெட்டாம் நாள். மேற்கிலிருந்து கச்சான் காற்று ஒரே சீராக வீசிக்கொண்டிருந்தது. அவர் கண்ணை மூடி நின்றார்.

பிரிசில்லா கரையில் கயிற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தூரத்தில் பலத்த காற்று பட்டுக் கடல் ஓர் இடத்தில் கறுத்தது. அந்தக் கறுப்பு அவரை நோக்கி வந்தது. கத்துவதற்கு வாயைத் திறந்தாள்.

அவர் பின்கையை விட்டார்.

அதற்குப் பிறகுதான் காற்று வந்து அடித்தது. பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. பலகை ஆடி நின்றது. அவர் விழவில்லை.

கண்ணைத் திறந்தார். பாயை மெல்லத் தண்ணீரில் சாய்த்தார். பலகைமேல் உட்கார்ந்தார்.

கரைக்கு வரவில்லை.

பிரிசில்லா பார்த்தாள். கால் மணி நேரம் ஆயிற்று. அவள் தண்ணீரில் இறங்கி, கழுத்தளவு வரை நடந்து, மிச்சத்தை நீந்திப் போய் பலகையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“அடிபட்டுச்சா சார்?”

“இல்ல.”

“பின்ன?”

“என்கிட்ட சுடலைமணின்னு ஒருத்தன் வேலை பாத்தான்” என்றார் தாணுமூர்த்தி. “காத்தாடி மேல ஏறிப் பழுது பாக்கிறவன். எம்பது மீட்டர் உசரம். ரெண்டு வருசம் முன்னாடி மேல நிக்கும்போது வாக்கி டாக்கியில கூப்பிட்டான். ‘சார், காத்து மாறப் போகுது. கையில தெரியுது. இறங்கிடட்டுமா?’ன்னு கேட்டான்.”

அவள் பலகையின் ஓரத்தில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள்.

“நான் கீழ திரையைப் பாத்தேன். அளவு எல்லாம் சரியா இருந்துச்சு. இன்னும் பத்து நிமிசம், முடிச்சுட்டு இறங்குன்னேன்.”

“பெறகு?”

“காத்தாடியோட மேல்மூடி காத்துல பிடுங்கிட்டு வந்து இடுப்புல அடிச்சுது. ஆள் பிழைச்சான். நடைதான் போச்சு.”

ஒரு அலை வந்து பலகையைத் தூக்கி இறக்கியது.

“விசாரணை வச்சாங்க. என் மேல தப்பு இல்லைன்னு எழுதினாங்க. கையில தெரியுதுன்னு ஒருத்தன் சொல்றதுக்கெல்லாம் வேலையை நிறுத்த முடியாதுன்னு நானே எழுதிக் குடுத்திருந்தேன்.”

“அதைத் தெரிஞ்சுக்கத்தான் வந்தீங்களா?”

“தெரியாதுன்னு தெரிஞ்சுக்க வந்தேன்” என்றார். “கையில ஒண்ணும் தெரியாது, அவன் சும்மா சொன்னான். அது உறுதியானா நிம்மதியா வீட்டுக்குப் போயிடலாம்னு வந்தேன்.”

“இன்னைக்குத் தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது.”

அவள் பலகையைக் கரைக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவர் இறங்கவில்லை. அப்படியே உட்கார்ந்து வந்தார்.

கரையில் அவள் முளையிலிருந்து கயிற்றை அவிழ்த்தாள். பாயைக் கழற்றினாள். நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, விரித்துப் போட்டாள்.

“நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டும்?” என்று கேட்டார்.

“நாளைக்குப் பாடம் இல்ல.”

“நாளை மறுநாள்?”

“அவரைப் போய்ப் பாத்தீங்களா சார்?”

“ஆஸ்பத்திரியில ஒரு தரம். மயக்கத்துல இருந்தான்.”

“அவர் எந்த ஊரு?”

“பணகுடி.”

“இப்பக் கிளம்புனா வெயில் தாழ்றதுக்குள்ள போயிடலாம்” என்றாள் பிரிசில்லா.

*

சுடலைமணி வீட்டு முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மிக்சி ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் இன்னும் நாலு மிக்சியும் ஒரு ஃபேனும். சுவரில் அவன் பிடித்து நடக்கும் சட்டம் சாய்த்து வைத்திருந்தது.

அவன் மனைவி கதவைத் திறந்தாள். யாரென்று தெரிந்ததும் உள்ளே போய்விட்டாள்.

“வாங்க சார்” என்றான் சுடலைமணி. “கறுத்துட்டீங்களே. நெத்தியில என்ன?”

“கடல்ல அடிபட்டுது.”

“கடல்லயா? இருங்க சார், சேர் எடுத்துட்டு வரச் சொல்றேன்.”

“வேண்டாம். நிக்கிறேன்.”

நின்றுகொண்டே சொன்னார். மண்டபத்துக்குப் போனது, பாய் பிடித்து நின்றது, விழுந்தது எல்லாம். பிறகு கடைசி நாளுக்கு வந்தார்.

“கண்ணை மூடியிருந்தேன் சுடலை. காத்து வர்றதுக்கு முன்னாடியே கையில தெரிஞ்சுது. நீ சொன்னது நெசம். நான்தான் கேக்கல.”

சுடலைமணி திருப்புளியைக் கீழே வைத்தான்.

“எவ்வளவு முன்னாடி தெரிஞ்சுது சார்?”

“ஒரு மூச்சு விடுற நேரம்.”

சுடலைமணி யோசித்தான். கோபமாகத் தெரியவில்லை. வேலை தெரிந்தவன் வேலையைப் பற்றி யோசிப்பது போல இருந்தது.

“கடல்ல அவ்வளவுதான் இருக்கும்” என்றான். “எம்பது மீட்டர் மேல இன்னும் முன்னாடியே தெரியும். அன்னைக்கு உங்களைக் கூப்பிட்டுக் கேக்குறதுக்கே நேரம் இருந்துச்சே சார்.”